பூவோடு விற்ற மாமரமும் கப்பலில் வரும் எண்ணெயும்

சென்ற மாதம் ஒரு காலைப் பொழுதில் மருதனார்மடம் சந்தை வாசலில் ஒரு தாயைச் சந்தித்தேன். இரண்டு மூட்டை வெங்காயம் கொண்டுவந்து விற்றுவிட்டு, வெறும் சாக்கை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 1990 இல் கட்டுவன் பக்கத்திலிருந்து பெற்றோருடன் இடம்பெயர்ந்து, முகாமிலும் வாடகை வீட்டிலும் வளர்ந்து, இன்று இணுவிலில் ஒருவருடைய காணியைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் செய்பவர். விலை எப்படி என்று கேட்டேன். அதற்கு அவர் மறுமொழி சொல்லவில்லை. வேறொன்றைக் கேட்டார்.

“பாதர், என்ரை வெங்காயத்துக்கு விலை வைக்கிறவன்ரை முகம் எனக்குத் தெரியும். கழிவெண்டு சொல்லி எத்தினை கிலோ எடுக்கிறான் எண்டும் தெரியும். இந்த மண்ணெண்ணெய்க்கு விலை வைக்கிறவன் ஆர்? அவன்ரை முகத்தை நான் எங்கை போய்ப் பாக்கிறது?”

அவருடைய இறைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. குத்தகைக் காணியில் மின்சார இணைப்பு எடுக்கச் சொந்தக்காரர் சம்மதிக்கவில்லை. 2022 ஓகஸ்ட் மாதத்தில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதை அவர் மறக்கவில்லை. இதை வாசிக்கும் உங்களிலும் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த ஏற்றத்துக்கு எங்கள் நாட்டின் டொலர் தட்டுப்பாடும் ரூபாவின் வீழ்ச்சியும் பெருங் காரணங்கள். ஆனால் அவர் கேட்டது அதற்கும் அப்பால் உள்ள ஒன்றை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு சில நாட்கள் வாசித்தேன். கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எனக்கு வியப்பைத் தந்தது ஒன்று. எண்ணெயை நிலத்திலிருந்து எடுத்து விற்கிறவர்களும் விலையை எண்ணிப் பயந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் பயம் விலை ஏறிவிடும் என்பது. அவர்கள் பயம் விலை விழுந்துவிடும் என்பது. 2008 யூலையில் ஒரு பீப்பாய் மசகு எண்ணெய் 147 டொலரைத் தொட்டது. அதே ஆண்டு டிசெம்பரில் 40 டொலருக்கும் கீழே கிடந்தது. ஐந்து மாதம்! ஒரு புகையிலைப் பயிரை நட்டு, வெட்டி, உணர்த்தி முடிக்கிற காலம்.

2020 ஏப்ரல் 20 ஆம் திகதி இதிலும் விசித்திரமான ஒன்று நடந்தது. கொள்ளை நோயினால் உலகமெங்கும் வாகனங்கள் நின்றுபோயின. எண்ணெயை இறக்கி வைக்கத் தாங்கிகளில் இடமில்லை. நியூயோர்க் சந்தையில் அன்று ஒரு பீப்பாயின் விலை பூச்சியத்துக்கும் கீழே 37 டொலருக்குப் போய் முடிந்தது. அதாவது எண்ணெயையும் கொடுத்து, அதைக் கொண்டுபோகிறவருக்குக் காசும் கொடுக்கவேண்டிய நிலை. விற்காத கத்தரிக்காயைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போக ஓட்டோக் கூலி கொடுத்த எவருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அப்படியானால் எண்ணெய்க்காரர் என்ன செய்கிறார்? எங்களுக்குப் பழக்கமான இடத்திலிருந்தே தொடங்குவோம்.

வளவில் ஒரு கறுத்தக்கொழும்பான் மரம் நிற்கிறது. பூத்திருக்கிறது. வியாபாரி வந்து அண்ணாந்து பார்த்து, “ஐயா, மரத்தை இப்பவே தாங்கோ” என்று ஒரு தொகை சொல்கிறார். நீங்கள் கொடுத்தால், பிறகு காற்றடித்துப் பூக் கொட்டினாலும், சந்தையில் மாம்பழம் மலிந்தாலும் நட்டம் அவருக்கு. காய்த்துக் குலுங்கி, விலையும் ஏறினால் இலாபமும் அவருக்குத்தான். நீங்கள் செய்தது மாம்பழ விற்பனை மட்டுமல்ல. உங்கள் பயத்தையும் அவருக்கு விற்றீர்கள். அதற்கு விலையாக, வரக்கூடிய அதிட்டத்தை விட்டுக்கொடுத்தீர்கள்.

எண்ணெய் உலகில் நடப்பதும் பெரும்பாலும் இதுவே. இன்னும் எடுக்காத எண்ணெயை, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் தருவதாக, இன்றே விலை பேசி எழுதிக்கொள்கிறார்கள். இருவர் தமக்குள் எழுதினால் அது முன்னோக்கிய ஒப்பந்தம். எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே தரம், ஒரே தவணை என்று வைத்துப் பொதுச் சந்தையில் கைமாறினால் எதிர்கால ஒப்பந்தம். நியூயோர்க்கில் 1983 இல் மசகு எண்ணெய்க்கு இது தொடங்கியது. ஒரு ஒப்பந்தம் 1,000 பீப்பாய். பொருளைக் கையில் வாங்காமல், பொருளின் விலையைச் சார்ந்து பிறக்கும் இவ்வகைத் தாள்களுக்குப் பொருளியற் புத்தகங்களில் ‘பெறுதிகள்’ என்று பெயர். தாயின் வயிற்றிலிருந்து பிள்ளை பெறப்படுவதுபோல, எண்ணெயின் விலையிலிருந்து பெறப்படுவது.

அந்த நியூயோர்க் சந்தை 1872 இல் வெண்ணெயும் பாற்கட்டியும் விற்கிறவர்கள் சேர்ந்து தொடங்கியது. இந்த வித்தை எண்ணெய்க்காரர் கண்டுபிடித்ததல்ல. கமக்காரரின் பொருளைச் சுற்றித்தான் வளர்ந்தது. அதில் கமக்காரர் அடிபட்ட கதையும் உண்டு. வெங்காயக் கதை என்பதால் சொல்லாமல் விடமுடியவில்லை. 1955 இல் சிக்காகோவில் இரண்டு வியாபாரிகள் சேர்ந்து அங்கிருந்த வெங்காயத்தில் மிகப் பெரும் பகுதியைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு, விலை விழும் என்று ஒப்பந்தச் சந்தையில் பந்தயம் வைத்துவிட்டு, பதுக்கிய வெங்காயத்தை ஒரேயடியாகக் கொட்டினார்கள். 1956 மார்ச்சில் வெங்காயத்தின் விலை அது கட்டியிருந்த சாக்கின் விலையிலும் குறைந்தது. தோட்டக்காரர் பலர் அழிந்தார்கள். 1958 இல் அமெரிக்கப் பாராளுமன்றம் வெங்காயத்துக்கு எதிர்கால ஒப்பந்தம் எழுதுவதையே சட்டம் போட்டுத் தடைசெய்தது. அந்தத் தடை இன்றும் நிற்கிறது. எண்ணெய்க்கு எழுதலாம், சோளத்துக்கு எழுதலாம், வெங்காயத்துக்கு எழுதக்கூடாது! அந்தத் தாயிடம் இதைச் சொன்னபோதுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

இனி, மாமரத்தை விற்பதில் உள்ள ஒரு மனவருத்தத்தைப் பார்ப்போம். விலை ஏறிவிட்டால், “ஐயோ, குடுத்திட்டனே” என்று இருக்கும். இந்த வருத்தம் வராமல் பயத்தை மட்டும் விற்க முடியுமா? முடியும், காசு கொடுத்தால். நான் உங்களுக்கு இன்று 10 ரூபா தருகிறேன். அறுவடை நேரம் கிலோ 100 ரூபாவுக்குக் கீழே போனால், நான் கொண்டுவருவதை நீங்கள் 100 ரூபாவுக்கு எடுக்கவேண்டும். மேலே போனால் நான் சந்தையில் என் பாட்டில் விற்பேன், உங்களிடம் வரமாட்டேன். அந்த 10 ரூபா உங்களோடு. இது விற்கும் உரிமையை வாங்குவது. காப்புறுதிக் கட்டணம் கட்டுவது போன்றது. வீடு எரியவில்லை என்பதற்காகக் கட்டிய பணம் திரும்ப வராது.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய நாடு மெக்சிக்கோ. எண்ணெய் வருமானத்தை நம்பித்தான் அந்த அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் பெரும் பங்கு நின்றது. பாடசாலையும் வைத்தியசாலையும் அதில்தான். ஆகவே அந்நாட்டு நிதி அமைச்சு பல ஆண்டுகளாக, அடுத்த வருடத்து எண்ணெய்க்கு விற்கும் உரிமையைப் பெருவங்கிகளிடம் காசு கொடுத்து வாங்கி வந்தது. 2009 ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 கோடி டொலர் கட்டி, பீப்பாய்க்கு 70 டொலர் என்ற அடிமட்டத்தை எழுதிக்கொண்டார்கள். எழுதியபோது விலை அதற்கு வெகு மேலே இருந்தது; இவ்வளவு காசை ஏன் கொட்டுகிறீர்கள் என்று எவரும் கேட்டிருக்கக்கூடிய நேரம். விலை விழுந்தது. மெக்சிக்கோவுக்கு 500 கோடி டொலருக்கு மேல் வந்து சேர்ந்தது. 2015 இல் 600 கோடிக்கு மேல். 2020 இல் 200 கோடிக்கு மேல். இடையில் பல ஆண்டுகளில் கட்டிய கட்டணத்துக்கு ஒரு சதமும் திரும்பவில்லை. அந்த ஆண்டுகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும்.

எல்லா எண்ணெய் நாடுகளும் இப்படிச் செய்வதில்லை. சவூதி அரேபியா போன்றவை எடுக்கும் அளவைக் கூட்டிக் குறைத்தே விலையோடு மல்லுக்கட்டுகின்றன. அது பெரிய தோட்டக்காரரின் வழி. நாலு பரப்புக்காரருக்கு ஆகாது. அமெரிக்காவில் உள்ள சிறிய எண்ணெய்க் கம்பனிகளுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளோ, விலைக் காப்பு எழுதிக்கொண்டு வந்தால்தான் கடன் என்று நிபந்தனை வைப்பதுண்டு.

காப்புறுதிக் கட்டணம் கட்டக் காசில்லாதவர் என்ன செய்வார்? இங்கேதான் மூன்றாவது வகை வருகிறது. ஆங்கிலத்தில் ‘காலர்’ என்பார்கள், கழுத்துப்பட்டி. (குருக்களாகிய நாங்கள் அணிகிற பட்டிக்கும் அதே பெயர்தான். இரண்டுமே கழுத்தை இறுக்கும்.) கீழே ஒரு வேலி, மேலே ஒரு வேலி. விலை கீழ் வேலிக்குக் கீழே போனால் வங்கி எண்ணெய்க்காரருக்குக் கொடுக்கும். மேல் வேலிக்கு மேலே போனால் எண்ணெய்க்காரர் வங்கிக்குக் கொடுப்பார். கட்டணம் இல்லை, ‘செலவில்லாத கழுத்துப்பட்டி’ என்றே பெயர். செலவில்லை என்றால் என்ன? கட்டணத்தைக் காசாகக் கொடுக்காமல், வரக்கூடிய அதிட்டமாகக் கொடுக்கிறோம். இதுவும் நேர்மையான வியாபாரம்தான், இரண்டு வேலியும் ஒரே பலத்தோடு நின்றால்.

இப்போது எங்கள் நாட்டுக்கு வருவோம். எங்களிடம் எண்ணெய்க் கிணறு இல்லை. நாங்கள் வாங்குகிறவர்கள். ஆகவே எங்கள் கழுத்துப்பட்டி தலைகீழானது: விலை ஏறினால் வங்கி எங்களுக்குத் தரவேண்டும், இறங்கினால் நாங்கள் வங்கிக்குக் கொடுக்கவேண்டும். 2007 தொடக்கம் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் இப்படியான ஒப்பந்தங்களை ஐந்து வங்கிகளுடன் எழுதியது: ஸ்டான்டர்ட் சார்ட்டட், சிற்றி பாங்க், டொய்ச் வங்கி, கொமர்ஷல் வங்கி, மக்கள் வங்கி. ‘ஹெஜ்ஜிங்’ என்ற சொல் அப்போதுதான் எங்கள் பத்திரிகைகளில் வந்தது. ஏ-9 பாதை 2006 ஓகஸ்டிலிருந்து மூடிக்கிடந்த காலம். யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் கப்பலில் வந்த காலம். கொழும்பில் எழுதப்படுகிற தாள்களைப் பற்றி நினைக்க எங்களில் எவருக்கும் அப்போது நேரமில்லை.

விலை ஏறிக்கொண்டிருந்த மட்டும் கூட்டுத்தாபனத்துக்குச் சிறு தொகைகள் வந்தன. பிறகு 2008 யூலை 8 ஆம் திகதி டொய்ச் வங்கியோடு ஒரு ஒப்பந்தம். ஒரு பீப்பாய் 112 டொலர் 50 சதம் என்பது அதன் எல்லைக்கோடு. விலை உச்சியைத் தொட்டது யூலை 11 ஆம் திகதி. மூன்று நாள் வித்தியாசம். ஆனால் நான் இதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன். உச்சி எதுவென்று முன்கூட்டித் தெரிந்தவர் பூமியில் இல்லை. குற்றம் தாளுக்குள் இருந்தது.

அந்தத் தாளை 100 பீப்பாய்க் கணக்கில் பார்ப்போம். விலை 122 டொலர் 50 சதத்துக்கு ஏறினால், பீப்பாய்க்கு 10 டொலர், ஆக 1,000 டொலர் வங்கி எங்களுக்குத் தரும். விலை 42 டொலர் 50 சதத்துக்கு விழுந்தால், பீப்பாய்க்கு 70 டொலர், ஆக 7,000 டொலர் நாங்கள் கொடுக்கவேண்டும். இதுவரை சரி; எல்லைக்கோடு இரு பக்கத்துக்கும் ஒன்றே. விலை விழுந்தால் நாங்கள் வாங்கும் எண்ணெயும் மலிவாகத்தானே வரும், அந்த மிச்சத்தை வங்கிக்குக் கொடுக்கிறோம் என்று நியாயம் சொல்லலாம். ஆனால் தாளில் இன்னொரு வரி இருந்தது. வங்கி தரவேண்டிய தொகை மொத்தமாக 25 இலட்சம் டொலரை எட்டினால் ஒப்பந்தம் முடிந்துவிடும். நாங்கள் கொடுக்கவேண்டிய தொகைக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை.

எண்ணெய் 200 டொலருக்கு ஏறியிருந்தால், காப்பு மிகத் தேவையான அந்த நேரத்திலேயே 25 இலட்சத்தைத் தந்துவிட்டு வங்கி எழுந்து போயிருக்கும். விலை விழுந்தபோது எங்களால் எழுந்து போக முடியவில்லை. மேல் வேலி கிடுகு. கீழ் வேலி கொங்கிறீற்.

2008 நவம்பர் 28 ஆம் திகதி உயர் நீதிமன்றம், வங்கிகளுக்குப் பணம் கொடுப்பதை இடைநிறுத்தி இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. டிசெம்பரில் பெற்றோலை லீற்றர் 100 ரூபாவுக்கு விற்கும்படியும் கட்டளையிட்டது. அரசாங்கம் அந்த விலைக்கு இறங்கவில்லை. 2009 சனவரி இறுதியில் நீதிமன்றம் தன் இடைக்காலக் கட்டளையை முடித்துக்கொண்டது. வங்கிகள் வெளிநாட்டில் வழக்கு வைத்தன. இலண்டன் மேல் நீதிமன்றம் 2011 யூலையில் ஸ்டான்டர்ட் சார்ட்டட் வங்கிக்குச் சார்பாக, ஏறத்தாழ 16 கோடி டொலருக்குத் தீர்ப்பளித்தது. 2012 இல் மேன்முறையீடும் தோற்றது. தாம் எழுதியது தமக்கு அதிகாரமில்லாத சூதாட்டம் என்று கூட்டுத்தாபனம் வாதாடியதை நீதிபதி ஏற்கவில்லை. சிற்றி பாங்க் இலண்டன் நடுவர் மன்றத்தில் தோற்றது. டொய்ச் வங்கிக்கு 6 கோடி டொலரும் வட்டியும் கொடுக்கும்படி 2012 ஒக்டோபரில் சர்வதேச நடுவர் மன்றம் சொன்னது. மெக்சிக்கோ 500 கோடி வாங்கியதும் நாங்கள் கடன்பட்டதும் அதே விலை வீழ்ச்சியினால்தான்.

மெக்சிக்கோ கட்டணம் கட்டியது. அதனால் அதன் நட்டத்துக்கு ஒரு எல்லை இருந்தது. நாங்கள் கட்டணமில்லை என்பதைப் பார்த்தோம்.

இதையெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று கேட்கலாம். நாலு பரப்பு வெங்காயத்துக்கு எந்த வங்கியும் கழுத்துப்பட்டி எழுத வரப்போவதில்லை. ஆனால் ஆட்கள் வருகிறார்கள். 1999 அளவில் மத்திய வங்கி கமக்காரருக்கு முன்விற்பனை ஒப்பந்த முறையை அறிமுகஞ்செய்த நாளிலிருந்து, நல்லதும் கெட்டதுமாகப் பலவகைத் தாள்கள் எங்கள் கிராமங்களுக்குள் வந்துவிட்டன. அந்தத் தாயைச் சந்தித்து ஒரு கிழமைக்குள், உடுவிலில் குத்தகைக் காணி செய்யும் ஒரு பெரியவர் அப்படியொரு தாளோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு பக்கம்.

“விதை வெங்காயத்துக்கு முற்பணம் தாறாங்கள், வட்டி இல்லை. விலையும் இப்பவே எழுதித் தாறாங்கள். கிலோ 180. ஒரு சதமும் கட்டத் தேவையில்லையாம். ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ பாதர்.”

வாசித்தேன். 1,000 கிலோ, கிலோ 180 ரூபா. நல்லது. விளைச்சல் குறைந்தால், குறைகிற அளவைத் தோட்டக்காரர் தன் செலவில் சந்தையில் வாங்கி நிரப்பிக் கொடுக்கவேண்டும். இது முதலாவது முள். ஏழாவது பிரிவில் மற்றது: தம்புள்ளைச் சந்தையில் விலை 140 ரூபாவுக்குக் கீழே போனால், கொள்வனவாளர் அறிவித்தல் கொடுத்து உடன்படிக்கையிலிருந்து விலகிக்கொள்ளலாம். முற்பணத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

நிலத்தில் தடி எடுத்துக் கோடு கீறிப் பார்த்தோம். விலை 400 ரூபாவுக்குப் போனால் இவர் 180 க்குக் கொடுக்கவேண்டும். விளைச்சலும் குறைந்திருந்தால் 400 க்கு வாங்கி 180 க்குக் கொடுக்கவேண்டும். விலை 160 என்றால் கிலோவுக்கு 20 ரூபா நன்மை. விலை 90 என்றால்? ஆள் இல்லை. பயம் எந்த இடத்தில் தொடங்குகிறதோ அந்த இடத்தில் காப்பு முடிந்துவிடுகிறது. டொய்ச் வங்கித் தாளில் இருந்த அதே வரி, கோடிக்கணக்கிலிருந்து கிலோக் கணக்குக்கு இறங்கி வந்திருக்கிறது.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப வேண்டாம் எண்டுறீங்களோ?” என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு விதைக்குக் காசு வேண்டும். மகளின் சங்கிலி ஏற்கனவே அடைவில் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் என் அறைக்குப் போகலாம், அவர் வட்டிக்காரரிடம்தான் போவார். நாங்கள் இருவரும் வேறொரு கணக்குப் பார்த்தோம். 180 ரூபா தேவையில்லை, 150 தாருங்கள். ஆனால் ஏழாவது பிரிவை எடுத்துவிடுங்கள். விளைவதில் 1,000 கிலோ வரை உங்களுக்கே தருவேன். குறைந்தால் வெளியில் வாங்கித் தரமாட்டேன். கிலோவுக்கு 30 ரூபாவை விட்டுக்கொடுக்கிறோம். அதுவே எங்கள் காப்புறுதிக் கட்டணம். 150 ரூபாவில் குத்தகையும் எண்ணெயும் கூலியும் போக அவருக்குக் கையில் ஏதோ மிஞ்சும் என்று அவரே விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

அடுத்த நாள் முகவரைச் சந்தித்தோம். இளம் பிள்ளை, மரியாதையாகவே பேசினார். 150 என்று கேட்டதும், விலையைக் குறைத்துக் கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். ஏழாவது பிரிவைக் காட்டியதும் சிரிப்பு நின்றது. அது எல்லோருக்கும் பொதுவான தாள், தன் கையில் இல்லை, கொழும்பைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு போனார்.

இதை எழுதும் நாள்வரை மறுமொழி இல்லை. பெரியவர் தறையைக் கொத்திப் பாத்தி கட்டிவிட்டார். அதே பிரிவோடு அதே தாளில் கையெழுத்து வைத்தவர்கள் அயலில் ஐந்து குடும்பம் இருப்பதாக அறிந்து, வருகிற ஞாயிறு பின்னேரம் அவர்களையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் இப்படியான தாள் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். கையெழுத்து வைப்பதற்கு முன்னர் என்றால் நல்லது.